மச்சாள் அனுப்பிய உருண்டைகளும் மகளின் மண்ணிற இன்ஹேலரும்

கொக்குவிலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவருக்கு வயது 41, மின்சார வேலை. வலது பக்கச் சிறுநீர்க் குழாயின் கீழ்ப்பகுதியில் 6 மில்லிமீற்றர் கல் இருப்பதாக ஸ்கானில் வந்திருக்கிறது. "தண்ணீர் நிறையக் குடியுங்கள், இந்தக் குளிசையைப் போடுங்கள், நாலு கிழமையில் திரும்ப ஸ்கான்" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் ஜெர்மனியில் இருக்கும் மச்சாள், அங்கே எல்லாரும் எடுக்கிறார்கள் என்று சொல்லி ஒரு சின்னப் போத்தல் ஹோமியோபதி உருண்டை அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஹோமியோபதியில்தான் கல் கரைந்ததாம். அவர் காட்டிய அதே வைத்தியரிடம் தங்கச்சியின் ஏழு வயது மகளின் முட்டு வருத்தத்தை (ஆஸ்துமா) பற்றிக் கதைத்தபோது, இன்ஹேலரை நிறுத்திவிட்டுத் தன் மருந்தைத் தொடங்கலாம் என்றிருக்கிறார். "பக்கவிளைவு இல்லாத மருந்துதானே, செய்து பார்த்தால் என்ன?" என்று கேட்கிறார்.

காரணங்களை ஆறுதலாக வாசிக்கலாம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவர் அந்த உருண்டைகளைப் போட விரும்பினால் போடட்டும். ஆனால் தண்ணீர், குளிசை, நாலாம் கிழமை ஸ்கான் மூன்றில் ஒன்றும் தவறக்கூடாது. மகள் நாளாந்தம் எடுக்கும் மண்ணிற இன்ஹேலரை ஒரு நாள் கூட நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றிரவே திரும்பத் தொடங்குங்கள், இந்தக் கிழமையே கிளினிக்கில் காட்டுங்கள்.

நான் அரசாங்க வைத்தியசாலைகளில் 33 வருடம் மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்றவன். அந்த வருடங்களில் பெரும்பகுதியும் யாழ்ப்பாணக் குடாநாட்டில்தான். வருத்தக்காரர் வைத்தியரிடம் சொல்லாத பலதை மருந்து வாங்கும் யன்னலில் சொல்வார்கள். "ஐயா, இதோடு அதையும் எடுக்கலாமா?" என்ற கேள்வியை நான் கேட்ட தடவைக்குக் கணக்கில்லை. அதனால் இதில் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எங்கள் ஊரில் இங்கிலிஷ் மருந்து தவிர்ந்த எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். பரியாரியாரின் கஷாயம், கைதடி சித்த வைத்தியசாலையின் எண்ணெய், ஹோமியோபதி உருண்டை எல்லாம் 'இயற்கை மருந்து' ஆகிவிடுகின்றன. சித்த வைத்தியம் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. 1984இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே படிப்பிக்கிறார்கள். மேல்நாட்டு வைத்தியத்தையும் யாழ்ப்பாணம் தள்ளிவைத்ததில்லை. 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன் மானிப்பாயில் அதைத் தமிழிலேயே படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஹோமியோபதி இந்த இரண்டிலும் சேராது. அது ஜெர்மனியில் பிறந்து, வங்காளத்தில் செழித்து, இங்கே வந்து சேர்ந்தது. இலங்கையில் அதற்கென 1970இல் ஒரு சட்டம் வந்தது, 2016இல் புதிய சட்டம். வெலிசறையில் அரசாங்க ஹோமியோபதி வைத்தியசாலையும் இருக்கிறது. ஆக, களவாக நடப்பது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் அனுமதிப்பது ஒன்று, மருந்து வேலை செய்வது வேறொன்று.

அதைத் தொடக்கிய சாமுவேல் ஹானிமன் 1755இல் பிறந்தவர், முறையாகப் படித்த வைத்தியர். அவருடைய காலத்து வைத்தியம் பயங்கரமானது. காய்ச்சல்காரரின் இரத்த நாளத்தை வெட்டி இரத்தம் வடிப்பார்கள், பாதரசம் கொடுப்பார்கள், பேதியாக்கிச் சாகடிப்பார்கள். மனம் பொறுக்காமல் தொழிலையே விட்டு, நூல்களை மொழிபெயர்த்துச் சீவித்தார். 1790இல் அப்படி ஒரு நூலை மொழிபெயர்க்கும்போது, மலேரியாவுக்குக் கொடுக்கும் சிங்கோனாப் பட்டையைத் தானே தின்று பார்த்தார். காய்ச்சல் வந்ததுபோல உடம்பு குளிர்ந்து நடுங்கியது. 'சுகமான ஆளுக்கு எந்தக் குறியைக் கொண்டுவருகிறதோ, அந்தக் குறியுள்ள நோயை அதே பொருள் மாற்றும்' என்று அதிலிருந்து ஒரு விதி செய்தார். 1810இல் தன் முறையை ஒரு நூலாகவே எழுதினார்.

அந்த விதியின் அடி எங்கே ஆடுகிறது என்று வன்னியில் மலேரியாவோடு வாழ்ந்தவர்களுக்குச் சுலபமாக விளங்கும். சிங்கோனாப் பட்டையில் இருக்கும் குயினின் இரத்தத்தில் இருக்கும் மலேரியாக் கிருமியைக் கொல்கிறது. அதனால் காய்ச்சல் நிற்கிறது. மலேரியாக் காய்ச்சலைப் போன்ற ஒரு காய்ச்சலை உண்டாக்குவதால் நிற்கவில்லை. அந்தப் பட்டையைத் தின்னும் எல்லாருக்கும் நடுக்கம் வருவதும் இல்லை. 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இரத்தப் பரிசோதனை, கிருமியைக் கொல்லும் குளிசை, மருந்தடித்தல், நுளம்பு வலை எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த பலன் அது.

ஆனாலும் ஹானிமனை நான் மதிக்கிறேன். இரத்தம் வடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒன்றும் செய்யாமல் நோயாளியைப் படுக்கவைத்துச் சுத்தமாகப் பார்த்து நல்ல சாப்பாடு கொடுத்தாலே அதிகம் பேர் பிழைப்பார்கள். ஹோமியோபதி அந்தக் காலத்தில் பேர் வாங்கியது அதனால்தான்.

இப்போது அந்தப் போத்தலுக்கு வருவோம். பெர்பெரிஸ் சி30 என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். பெர்பெரிஸ் ஒரு முட்செடி. சி30 என்பதுதான் கவனிக்க வேண்டியது. சி என்றால் நூறில் ஒன்று. செடிச் சாறு ஒரு துளி, அதோடு 99 துளி தண்ணீரோ அற்ககோலோ சேர்த்து நன்றாகக் குலுக்கினால் சி1. அதில் ஒரு துளி எடுத்து இன்னொரு 99 துளியில் விட்டால் சி2. இப்படியே முப்பது தரம்.

எங்கள் வளவுக் கிணற்றை வைத்துக் கணக்குப் பார்ப்போம். குறுக்கே 3 மீற்றர், தண்ணீர் 3 மீற்றர் நின்றால் சுமார் 21,000 லீற்றர். சி6 வரும்போது, அந்த முதல் துளி அப்படியான 2,300க்கு மேற்பட்ட கிணறுகளில் கலந்த அளவுக்கு ஐதாகிவிடும். கொக்குவில், இணுவில், கோண்டாவில் கிணறுகளையெல்லாம் ஒன்றாக நினைத்துப் பாருங்கள், அதில் ஒரு துளி. சி12இல் இந்து சமுத்திரத்தின் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரில் ஒரு துளி. இந்த இடத்தோடு அந்தச் செடியின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகமாகிவிடும். அதற்கு மேலும் பதினெட்டுத் தரம் ஐதாக்கினால்தான் உங்கள் சி30. பிறகு அந்தத் திரவத்தைச் சீனி உருண்டையில் தெளித்துக் காயவிடுகிறார்கள். பிள்ளை ஒரு போத்தலை முழுதாகத் தின்றாலும் ஒன்றும் ஆகாதது இதனால்தான். பக்கவிளைவு இல்லை என்பது உண்மை. விளைவு தருவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பதும் அதே உண்மைதான்.

தண்ணீர் அந்தச் செடியை நினைவில் வைத்திருக்கும் என்று அவர்கள் பதில் சொல்வார்கள். 1988இல் பிரான்சில் பென்வெனிஸ்ட் என்ற விஞ்ஞானி அப்படியொன்றைக் கண்டதாக எழுதினார். அதை வெளியிட்ட நேச்சர் சஞ்சிகையின் குழு ஒன்று ஆய்வுகூடத்துக்கே போய், எந்தக் குழாயில் மருந்து, எந்தக் குழாயில் வெறும் தண்ணீர் என்று செய்பவருக்குத் தெரியாமல் மறைத்துத் திரும்பச் செய்வித்தபோது அந்த விளைவு வரவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் தொட்டுவந்த சுண்ணாம்புக் கல், மாட்டெரு, தோட்டத்துக்குப் போட்ட உரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அந்த ஒரு செடியை மட்டும் ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை எவரும் எனக்கு விடை தந்ததில்லை.

மச்சாளிடம் ஒன்று கேளுங்கள். அந்தப் பெட்டியில் எந்த வருத்தத்துக்கு என்று எழுதியிருக்கிறதா? பொதுவாக இருக்காது. பதிவுசெய்யப்பட்ட ஹோமியோபதி மருந்து, ஆகவே எந்த நோய்க்கு என்று குறிப்பிடப்படவில்லை என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் ஒரு வரி இருக்கும். ஜெர்மன் சட்டம் இப்படியான மருந்துகளை வேலை செய்கிறது என்று நிரூபிக்காமலே பதிவுசெய்ய விடுகிறது. அதற்குப் பதிலாக, எந்த நோயின் பெயரையும் போடக்கூடாது என்கிறது. அப்பொதேக்கில், அதாவது அங்கத்தைய மருந்துக் கடையில், விற்கிறார்கள் என்பதால் ஜெர்மன்காரன் சோதித்துப் பார்த்து விற்கிறான் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பிழையானது.

சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அவுஸ்திரேலிய அரசாங்கத்தின் மருத்துவ ஆய்வு மன்றம் 61 வகை நோய்களுக்கான 176 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஹோமியோபதி பலன் தருகிறது என்று நம்பத்தகுந்த ஆதாரமுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று 2015இல் சொன்னது. 2017இல் இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையான என்எச்எஸ் இதை எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று தன் வைத்தியர்களுக்குச் சொன்னது. பிரான்ஸ் 2021 தொடக்கத்திலிருந்து அரசாங்கக் காப்புறுதியில் இதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

சரி, அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரரின் கல் எங்கே போனது? அவர் பொய் சொல்லவில்லை. கல் போயிருக்கும். ஆனால் சிறுநீர்க் குழாய்க்குள் வந்துவிட்ட கல் 5 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால், மூன்றில் இரண்டு தானாகவே சலத்தோடு போய்விடும். 5 முதல் 10 மில்லிமீற்றர் வரை என்றால் ஏறத்தாழப் பாதி போகும். பெரும்பாலும் நாலு தொடக்கம் ஆறு கிழமைக்குள் இது நடந்துவிடும். அந்த ஆறு கிழமையில் எதை எடுத்தாலும் அதற்குத்தான் பேர். ஹோமியோபதி எடுத்தவர் ஹோமியோபதி என்பார், வாழைத்தண்டுச் சாறு குடித்தவர் வாழைத்தண்டு என்பார், நேர்த்தி வைத்தவர் நல்லூரான் என்பார். அதே உருண்டையைப் போட்டும் கல் போகாத மற்றப் பாதிப்பேர் அதைப் பற்றிப் பக்கத்து வீட்டில் கதைப்பதில்லை. அவர்கள் பெரியாஸ்பத்திரி வாட்டில் படுத்திருப்பார்கள்.

இதில் 'கரைந்தது' என்ற சொல்லும் பிழை. எங்கள் ஆட்களுக்கு வரும் கல்லில் பெரும்பாலானவை கல்சியம் ஒக்சலேற்று. அதைக் கரைக்கும் மருந்து எந்த வைத்திய முறையிலும் இல்லை. யூரிக் அமிலக் கல் மட்டும், சலத்தின் புளிப்பைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் கரையும். எந்தக் கல் என்று தெரிந்தால் அடுத்த கல்லைத் தடுக்க வழி கிடைக்கும். அதனால் ஒரு தேநீர் வடியை இதற்கென்றே ஒதுக்கி, கணவரை அதனூடாகச் சலம் கழிக்கச் சொல்லுங்கள். பழுப்பு நிறத்தில், உப்புக்கல் மாதிரி, ஓரம் சொரசொரவென்று ஒன்று தங்கும். கழுவி, காயவைத்து, சின்னப் போத்தலில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

இந்தக் கல் விஷயத்தில் எனக்குப் பயம் உருண்டையைப் பற்றியதல்ல. வலி நிற்கும் நாளைப் பற்றியது. கல் குழாயில் அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டால், சில நாளில் வலி குறைந்துவிடும். சிலருக்கு முற்றாகவே போய்விடும். ஆள் சுகமாகிவிட்டேன் என்று நினைப்பார். உள்ளே சலம் தேங்கித் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும், மெல்ல மெல்லப் பழுதாகும். அப்படி ஒரு வாத்தியார் என் யன்னலுக்கு வந்தது இன்னும் மனதில் நிற்கிறது. ஒரு வருடத்துக்கு முன் கல் இருந்ததாம், ஹோமியோபதியில் வலி போய்விட்டதாம், அதனால் இரண்டாம் ஸ்கானுக்குப் போகவில்லையாம். வேறு ஏதோ காரணத்துக்கு எடுத்த ஸ்கானில் ஒரு பக்கச் சிறுநீரகம் தண்ணீர்ப் பை போல வந்திருந்தது. படத்தை என்னிடம் நீட்டிக் காட்டி, "ஒரு நாளும் நோகவில்லையே ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு மறு சிறுநீரகம் நன்றாக இருந்தது, பிழைத்துக்கொண்டார். அதனால்தான் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலாம் கிழமை ஸ்கான் எடுக்கத்தான் வேண்டும் என்கிறேன்.

இவற்றில் ஏதாவது வந்தால் நாலு கிழமைக்குக் காத்திராமல் அன்றிரவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்: குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல், சலம் முற்றாக நின்றுபோதல், நிற்காத சத்தி. கல்லோடு காய்ச்சலும் சேர்ந்தால் சில மணித்தியாலங்களில் கிருமி இரத்தத்துக்குள் போய்விடலாம்.

சுண்ணாம்புத் தண்ணீரால்தான் யாழ்ப்பாணத்தில் கல் வருகிறது என்று நாம் எல்லாரும் சொல்வோம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தப் படிவு கல்சியம் காபனேற்று, சிறுநீரகக் கல் அதிகமும் ஒக்சலேற்று, இரண்டும் ஒன்றல்ல. கடினத் தண்ணீரால் மட்டும் கல் வருகிறது என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவும் இல்லை. நான் கண்ட அளவில், அந்தப் பயத்திலும் உவர்ப்பிலும் ஆட்கள் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் கூரைக்கு மேல் நின்று வயர் இழுக்கும் மனிதருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் சலம் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும், சலம் வெளிறின நிறத்தில் இருக்க வேண்டும். தேசிக்காய் பிழிந்து குடிக்கலாம், அதில் உள்ள சித்திரேற்று கல் சேர்வதைத் தடுக்க உதவும். சீனியும் உப்பும் அள்ளிப் போடாதீர்கள். கருவாடு, ஊறுகாய், மிக்சர் குறையட்டும். பாலை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது தலைகீழான புத்திமதி. இயற்கை மருந்து என்று பிலிம்பிக்காய்ச் சாறோ காமரங்காய்ச் சாறோ குடிக்கவே வேண்டாம். இரண்டிலும் ஒக்சலேற்று நிறைந்திருக்கிறது. அவற்றைச் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களை இலங்கை வைத்தியர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்.

மகளின் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது எனக்குக் கை பதறுகிறது.

முட்டு வருத்தத்தில் இழுப்பு இல்லாத நாட்களிலும் சுவாசக் குழாயின் உள்தோல் வீங்கிப் புண்பட்டுத்தான் இருக்கும். நீல இன்ஹேலர், அதாவது சல்பியூட்டமோல், இறுகின குழாயை அந்த நேரத்துக்கு விரிக்கும். மண்ணிறத்தில் இருக்கும் பெக்லோமெதாசோன்தான் அந்த வீக்கத்தை நாளாந்தம் அடக்கிவைக்கிறது. அதை நிறுத்தினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் கிழமையும் தெரியாமல் போகலாம். 'பார்த்தீர்களா, இன்ஹேலர் இல்லாமலே இருக்கிறா' என்று சொல்ல அந்த இடைவெளி போதும். பிறகு மார்கழிப் பனியோ, ஒரு தடிமனோ, வேலியோரம் குப்பை எரித்த புகையோ வரும். அந்த இரவில் பிள்ளைக்குக் கழுத்துக் குழி உள்ளே இழுபடும், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. 'மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது முதலில் கூடித்தான் குறையும்' என்று ஹோமியோபதியில் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். முட்டில் அந்த விளக்கத்தை நம்பிக் காத்திருந்தால் பிள்ளை செத்தும் போகலாம்.

ஸ்டீரொயிட் என்ற சொல்தான் தாய்மாரைப் பயப்படுத்துகிறது, தெரியும். கணக்கைப் பாருங்கள். 100 மைக்ரோகிராம் இன்ஹேலரைக் காலையும் இரவும் ஒவ்வொரு தரம் எடுத்தால் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம். அதை நிறுத்தி, கடும் இழுப்போடு வந்து சேர்ந்தால், இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிரெட்னிசொலோன் குளிசையாகக் கொடுப்பார்கள். அது 20,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, பெக்லோமெதாசோன் வீரியம் கூடியது, எடைக்கு எடை அப்படியே ஒப்பிடக்கூடாதுதான். ஆனால் ஒன்று சுவாசப்பைக்குள் நேரே போவது, மற்றது உடம்பு முழுக்க ஓடுவது. ஸ்டீரொயிட்டுக்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்தும் வீட்டுக்குத்தான் கடைசியில் கூடுதல் ஸ்டீரொயிட் வந்து சேர்கிறது. இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைகள் வளர்ந்தபின் உயரத்தில் சுமார் ஒரு சென்ரிமீற்றர் குறைவதாக நீண்ட ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஒரு சென்ரிமீற்றரா, மூச்சா என்று நீங்களே பாருங்கள். எடுத்தவுடன் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யன்னலுக்கு இந்தப் பக்கம் வெறும் இறாக்கையோடு நின்றவன் நான். முட்டு இழுக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்த தகப்பனிடம், இருந்த கடைசிச் சிரப்பை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை வாய் திறந்து மூச்சை எடுத்த சத்தம், சைக்கிள் கரியர் கிரீச்சிட்டது போல, இப்போதும் காதில் கேட்கிறது. மருந்து இல்லாமல் துடித்த அந்த இடத்தில், இன்று இறாக்கையில் இருக்கிற மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறாரென்றால் எனக்குப் பொறுக்கவில்லை, தங்கச்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அக்காவுக்கு 2002இல் மார்பில் ஒரு கட்டி. கத்தி வைக்கப் பயந்து, எனக்குக்கூடச் சொல்லாமல் எட்டு மாதம் ஹோமியோபதி எடுத்தா. கட்டி இளகுகிறது என்று அந்த வைத்தியர் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். நான் அறிந்து மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அது கமக்கட்டுக்கும் பரவிவிட்டது. நாலு வருடம் இருந்தா. அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பின 281 புற்றுநோயாளரை வழமையான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு, மார்புப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். எண்களைப் பார்க்கும்போது எனக்கு அக்காவின் முகம்தான் வரும். இப்போது தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது, மகரகம வரை ஓட வேண்டியதில்லை. கட்டி என்று யாருக்காவது தெரிந்தால் அங்கே போகச் சொல்லுங்கள்.

அக்கா ஏன் அவரிடம் போனா என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். அவர் ஒரு மணித்தியாலம் இருத்திக் கதைத்தாராம். நித்திரை எப்படி, கனவு என்ன, குளிர் பிடிக்குமா வெயில் பிடிக்குமா, அழுகை எப்போது வரும் என்றெல்லாம் கேட்டாராம். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் விடியற்காலை நம்பர் எடுத்து நின்றாலும் வைத்தியரின் முன்னால் இரண்டு மூன்று நிமிஷம்தான். கண்ணைப் பார்த்துக் கேட்டவரிடம் மனம் சாய்கிறது, அதில் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆறுதலால் நித்திரை வரும், வலி கொஞ்சம் குறையும், இதெல்லாம் உண்மையான பலன்தான். கட்டியை அது தொடாது, அடைத்த கல்லைத் தொடாது, வீங்கின சுவாசக் குழாயைத் தொடாது. எங்கள் பக்கத்திலும் மாற வேண்டியது நிறைய இருக்கிறது. யன்னலில் நின்ற நானும் எத்தனையோ பேரிடம் "அடுத்தது" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கணவரின் தம்பி கியூபாவில் எலிக்காய்ச்சலுக்கு ஹோமியோபதி கொடுத்து நிறுத்தினார்கள் என்று வாதாடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். 2007இல் அங்கே கிழக்கு மாகாணங்களில் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் கொடுத்த பகுதியையும் கொடுக்காத பகுதியையும் பார்த்து ஒப்பிட்டார்களே தவிர, சீட்டுப் போட்டுப் பிரித்து ஒரு பகுதிக்கு வெறும் உருண்டை கொடுத்துச் சோதிக்கவில்லை. எலிக்காய்ச்சல் வெள்ளத்தோடு ஏறி வெள்ளம் வடிய இறங்கும் வருத்தம். 2024 மார்கழியில் அதே வருத்தம் எங்கள் குடாநாட்டில் உயிர்களை எடுத்தது நினைவிருக்கும். வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையை வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

இனியும் ஹோமியோபதி எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று காரியம் பாருங்கள். பதிவு பெற்ற வைத்தியரா என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. பெயர் எழுதாத பொட்டலத் தூள் வேண்டாம். உள்ளே ஸ்டீரொயிட்டை அரைத்துக் கலந்து கொடுத்துப் பல நாடுகளிலும் பிடிபட்டிருக்கிறார்கள், பெயரில்லாத தூள் ஒரே நாளில் அதிசயமாகச் சுகம் தந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மதர் டிங்சர் என்று துளி மருந்து தந்தால் அது உருண்டை மாதிரி வெறுமையானதல்ல, அற்ககோலும் செடிச் சத்தும் உள்ளது. பிரஷர், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது. எடுப்பதைக் கிளினிக்கில் மறைக்காதீர்கள், ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை, கொப்பியில் எழுதுவியுங்கள். 'அதை நிறுத்து, இதை மட்டும் எடு' என்று யார் சொன்னாலும், எந்த முறை வைத்தியராக இருந்தாலும், கதிரையை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

மகளுக்கு மருந்து சரியாக உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். ஏழு வயதில் அமத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்வது கஷ்டம், பாதி மருந்து தொண்டையில் அடித்துப் போய்விடும். இன்ஹேலர் வேலை செய்யவில்லை என்று தாய்மார் சொல்லும்போது பெரும்பாலும் இதுதான் காரணம். இன்ஹேலரில் பூட்டி ஆறுதலாக மூச்சிழுக்கும் குழலான ஸ்பேசர் இருந்தால் இது சரிவரும், இல்லையென்றால் 500 மில்லிலீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குச் சூடான கம்பியால் துளை போடுங்கள், காற்றுப் போகாதபடி சுற்றி ஒட்டுங்கள். மகள் போத்தலின் வாயை உதட்டால் மூடிப் பிடிக்கட்டும். இன்ஹேலரைக் குலுக்கி ஒரு தரம் அமத்திவிட்டு, ஆறுதலாக ஐந்தாறு மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். தென்னாபிரிக்காவில் 1999இல் சோதித்துப் பார்த்து, கடையில் வாங்கும் ஸ்பேசர் அளவுக்கே இது வேலை செய்கிறது என்று கண்டார்கள்.

மச்சாள் மனம் நோகக் கூடாது. அவர் பாசத்தில் அனுப்பியது. உருண்டை கிடைத்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை யாராவது வரும்போது அதே அப்பொதேக்கில் பிள்ளைகளுக்கான ஸ்பேசர் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஏழு வயது, வாயால் பிடிக்கும் வகை என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள்.